அந்த நாற்பது மதிப்பெண்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் பேருந்து சோமாசிபாடியைத் தாண்டியதும் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். நெல்லும் மல்லாட்டையும் விளையும் மண். மழை பொய்த்த வருஷத்தில் தாய் தகப்பன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியோடு தங்கி அரசுப் பள்ளிக்குப் போவார்கள். 2013ஆம் ஆண்டு முதல் பருவம் முடிந்தபோது இந்த வட்டாரத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் எண்களோடு எழுத்துகளும் வந்தன. ஏ1, பி2, சி1. இத்தனையாவது ரேங்க் என்று எழுதும் கட்டத்துக்குப் புதிய முறையில் இடமில்லை. அட்டையில் கைநாட்டு வைக்க வேண்டிய பாட்டிக்கு, எண்ணாக இருந்தவரை ஓரளவு புரிந்த ஒன்று இப்போது எழுத்தாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு முப்பருவ முறை என்று பெயர். மதிப்பீட்டுப் பகுதிக்குத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்று பெயர். ஆசிரியர்கள் அறையில் அது எப்போதும் 'சிசிஇ'தான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2012-13ஆம் கல்வியாண்டிலும், ஒன்பதாம் வகுப்புக்கு 2013-14ஆம் கல்வியாண்டிலும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆறே ஆண்டுகள் இருந்து 2019-20இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. உயர்நிலைப் பள்ளி அளவில் தமிழ்நாடு செய்து பார்த்த பெரிய தரநிலைச் சோதனை இது. அது பயன் தந்ததா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஏட்டில் இருந்த திட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. பருவத்துக்கு ஒரு புத்தகக் கட்டு. முடிந்த பருவத்துப் பாடம் அடுத்த தேர்வில் வராது. புத்தகப் பை எடை குறையும் என்பது அரசு முன்வைத்த முக்கியக் காரணம். அது உண்மையிலேயே குறைந்தது, அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் பாடத்துக்கு நூறு மதிப்பெண். பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. பருவம் முழுக்க ஆசிரியரே பார்த்து இடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு, அதாவது எஃப்ஏ(ஏ); மீதிப் பாதி சிறு தேர்வுகளுக்கு, எஃப்ஏ(பி). கூட்டி வரும் நூறை ஒன்பது படிகளாக வெட்டினார்கள். 91 முதல் ஏ1, 81 முதல் ஏ2 என்று பத்துப் பத்தாக இறங்கி, 41 முதல் 50 வரை சி2, 33 முதல் 40 வரை டி, அதற்குக் கீழே இ1, இ2.

இதன் வேர் தமிழ்நாட்டில் இல்லை. 1993இல் யஷ்பால் குழு சுமையற்ற கற்றல் பற்றிப் பேசியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தேர்வுப் பயத்தைக் குறைக்கச் சொன்னது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் தொடர் மதிப்பீட்டைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் சிபிஎஸ்இ ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கிரேடு முறையை அறிவித்தது. தமிழ்நாடு எடுத்துக்கொண்ட ஒன்பது படிகளும் சிபிஎஸ்இ படிகளைப் போன்றவையே. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இதைக் கொண்டுவர யாரும் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாக விரும்பி எடுத்த முடிவு அது. அதனால் அதன் விளைவுக்கும் அரசேதான் பொறுப்பு.

பள்ளி தரும் மதிப்பெண்ணை ஒரு மாணவனின் நிரந்தரப் பதிவில் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1911 வாக்கில் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்எஸ்எல்சி வந்தபோது, அதன் சான்று ஒரு தாளாக வரவில்லை, புத்தகமாக வந்தது. பொதுத் தேர்வு மதிப்பெண்ணோடு வகுப்பில் வாங்கிய மதிப்பெண்களுக்கும் அதில் பக்கங்கள் இருந்தன. இன்றும் பழைய வீடுகளின் தகரப் பெட்டியில் 'எஸ்எஸ்எல்சி புக்கு' கிடைக்கும். ஒரே நாள் தேர்வை மட்டும் நம்பக் கூடாது என்ற எண்ணம் நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே அச்சில் ஏறியிருந்தது. ஆனால் வேலைக்கு எடுத்தவரும் கல்லூரியில் சேர்த்தவரும் பார்த்தது பொதுத் தேர்வுப் பக்கத்தைத்தான். வகுப்பு மதிப்பெண் பதிவானது, படிக்கப்படவில்லை. சிசிஇயின் நாற்பது மதிப்பெண்ணும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதற்கு ஆசிரியரின் மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பிள்ளைகள். பருவத்துக்கு நான்கு செயல்பாடு, நான்கு சிறு தேர்வு வைத்தால் தலைக்கு எட்டுப் பதிவு. பருவத்துக்கு 1,600, ஆண்டுக்கு 4,800. ஒரு தாளைப் பார்த்து, யோசித்து, மதிப்பெண் இட இரண்டே நிமிடம் என்றாலும் பருவத்துக்கு ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகிறது. பாடம் நடத்துவது, தேர்தல் பட்டியல் வேலை, இலவசப் பொருள் வழங்கல் கணக்கு, மாலைச் சிறப்பு வகுப்பு எல்லாம் இதற்கு வெளியே. இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை பின்னத்தில் எங்கே தடுக்கி விழுகிறான் என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்ததைச் சரிசெய்ய நேரம் எங்கே? அப்புறம் நடப்பது எல்லாருக்கும் தெரியும். செயல்பாடு என்றால் சார்ட். பேருந்து நிலையத்துப் பக்கம் ஸ்டேஷனரி கடையில் ஒளிச்சேர்க்கையும் சூரியக் குடும்பமும் அச்சடித்த படமாகக் கிடைக்கும். வெட்டி ஒட்டினால் பத்துக்கு ஒன்பது. கடையில் வாங்கப் பத்து ரூபாய் இல்லாத பிள்ளை, பக்கத்து இருக்கைப் பிள்ளையின் சார்ட்டில் தன் பெயரையும் எழுதிக்கொள்ளும். பருவ முடிவில் பதிவேட்டை நிரப்ப வேண்டிய வாரத்தில் 35, 36, 37 என்று எண்கள் வரிசையாக இறங்கும்.

இதற்காக ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் மனப்பான்மைக்கும் மதிப்புகளுக்கும் வாழ்க்கைத் திறனுக்கும்கூடத் தரநிலை இடச் சொன்ன படிவம் அது. இருநூறு பிள்ளைகளின் மனப்பான்மையை எழுத்தில் தரம் பிரிக்க எந்த மனிதராலும் ஆகாது. முடியாத வேலையைக் கேட்கும் படிவம் பொய்யைத்தான் பெற்றுக்கொள்ளும்.

அந்த 36ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளரறி மதிப்பீட்டில் 36 வாங்கிய பிள்ளை எழுத்துத் தேர்வில் அறுபதுக்குப் பதினைந்து வாங்குகிறான். கூட்டினால் 51, அட்டையில் சி1. ஒன்பது படிகளில் ஐந்தாவது, நடுநிலை. பாட்டிக்குச் சொன்னால் நிம்மதி அடைவார். அடுத்த ஆண்டு அதே பிள்ளை பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில், அதே கால் பங்கு எழுதினால், நூறுக்கு இருபத்தைந்து. பொதுத் தேர்வில் 35 வேண்டும். ஒரே அறிவு, ஒரே கை, ஒன்பதாம் வகுப்பில் நடுப்படி, பத்தாம் வகுப்பில் தோல்வி. படிகளின் அடியிலும் இதேபோல ஒரு பொருந்தாமை இருந்தது. டி என்ற படி 33இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் தேர்ச்சிக் கோடு 35. முப்பத்து நான்கு வாங்கியவன் ஓராண்டு டி, மறு ஆண்டு ஃபெயில். வேறோர் அமைப்பின் அட்டவணையை எடுத்து ஒட்டும்போது நம் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டாமா?

முப்பருவத்தின் இன்னொரு விளைவு இதைவிட ஆழமானது. செப்டம்பரில் எழுதிய பாடத்தை அக்டோபரில் மறந்துவிடலாம் என்ற பழக்கம். சிறு வயதில் அது சுமைக் குறைப்பு. பதினான்கு வயதில், அடுத்த ஆண்டு முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய பிள்ளைக்கு, அது தயாரிப்பைப் பறிப்பது. கணக்கில் முன்பு படித்த இயற்கணிதம் மறந்துபோனால் பின்பு வரும் ஆயத்தொலை வடிவியல் நகராது. ஒன்பதாம் வகுப்பில் முப்பருவம் விலக்கப்பட்டபோது பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு அது உதவவில்லை என்றே காரணம் பேசப்பட்டது. சரியான காரணம்தான். ஆனால் புத்தகத்தை மீண்டும் ஒன்றாக்கியதோடு அந்தச் சோதனையிலிருந்து கற்றுக்கொள்ளும் வேலை முடிந்துவிட்டதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

தொடர் மதிப்பீட்டை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு அரியானாவில் நடந்தது. ஜேம்ஸ் பெர்ரி, ஹரிணி கண்ணன், ஷோபினி முகர்ஜி, மார்க் ஷாட்லாண்ட் ஆகிய நால்வரின் ஆய்வு; 2020இல் வெளியானது. 400 தொடக்கப் பள்ளிகளையும் அதற்கு மேலுள்ள வகுப்புகளைக் கொண்ட 100 பள்ளிகளையும் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலவற்றில் சிசிஇ நடத்தினார்கள்; தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு திட்டம். அந்த வேறு திட்டத்தில், பள்ளி நாளின் ஒரு பகுதியில், பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், அவர்களுக்கு இப்போது எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்த்துக் குழுவாக உட்காரவைத்துக் கற்பித்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. சிசிஇ பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றல் மற்றப் பள்ளிகளைவிடக் கூடவில்லை. நிலை பார்த்துக் கற்பித்த பள்ளிகளில் இந்தி வாசிப்பு முன்னேறியது. இரண்டிலும் பிள்ளைகளை அளந்தார்கள். ஒன்றில் அளந்த எண் பதிவேட்டுக்குப் போயிற்று; மற்றொன்றில் அளந்ததும் பிள்ளை உட்காரும் இடமும் படிக்கும் பக்கமும் மாறின.

இதற்குச் சமமான ஒன்று நம்மிடமே தொடக்க வகுப்புகளில் வந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் பிரித்துப் பாடப் பயிற்சி தருகிறார்கள். அரும்பு என்பது மதிப்பெண் அட்டையில் ஏறுவதற்கான எழுத்து இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு எந்தப் பயிற்சித்தாள் என்று ஆசிரியருக்குச் சொல்லும் சொல். ஒன்பதாம் வகுப்பின் சி1 ஆசிரியருக்கு எதைச் சொன்னது?

இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் செய்த சோதனை ஒன்று கல்வி ஆய்வாளர்களிடையே பிரபலம். ஒரு குழுவுக்கு விடைத்தாளில் கருத்து மட்டும் எழுதித் தந்தார்கள், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண் கண்ணில் பட்டதும் கருத்தைக் கவனிப்பது போய்விடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம். விடைத்தாள் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பறையில் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம்: எல்லாப் பார்வையும் முதல் பக்கத்து மூலையில் சிவப்பு மையில் வட்டமிட்ட எண்ணின் மேல். வளரறி, தொகுத்தறி என்ற பிரிவினையை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் உருவாக்கியபோது, ஒன்று நடந்துகொண்டிருக்கும் வேலையைத் திருத்தவும் மற்றொன்று முடிந்த வேலையைத் தீர்மானிக்கவும் என்றே பிரித்தார். நாம் வளரறியை 40 என்று எண்ணாக்கி, தொகுத்தறியோடு கூட்டி, ஒரே எழுத்தாக உருக்கினோம். கூட்டிய அந்தக் கணமே வளரறி தன் வேலையை இழந்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளியின் இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத்தான் பள்ளியையும் தலைமையாசிரியரையும் மாவட்டம் எடைபோடுகிறது. முடிவு வந்த மறுவாரம் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த நெருக்கடியில் பலவீனமான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைப்பது தமிழ்நாடெங்கும் பல பள்ளிகளில் இருந்த பழக்கம். நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் பலர் திரும்பி வருவதில்லை. பையன் பெங்களூருக்கு, பெண் கல்யாணத்துக்கு. கிரேடு முறையும் தாராளமான நாற்பதும் அவர்களைப் பத்தாம் வகுப்பு வாசல்வரை கொண்டுவந்தன. அதற்காக மட்டும் அந்த முறைக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபின் உள்ளே என்ன காத்திருக்கிறது என்று அவர்களிடம் யாரும் நேர்மையாகச் சொல்லவில்லை.

இந்த முறையின் மேல் அரசுக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாவால் அந்த ஆண்டு ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்தானது. மதிப்பெண்ணுக்கு ஒரு சூத்திரம் வகுத்தார்கள்: காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-19இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள், முப்பருவத்தின் கடைசி அணி. மூன்று பருவத்துக்கும் எழுத்துத் தேர்வு, செயல்பாடு, சிறு தேர்வு என்று ஒவ்வொருவர் பெயரிலும் பள்ளியில் பதிவேடு இருந்தது. தேர்வே இல்லாமல் ஒரு பிள்ளையை மதிப்பிட வேண்டி வந்தால் எதற்காக அந்தப் பதிவுகளைச் சேர்த்தார்களோ, அந்த நாள் வந்தேவிட்டது. யாரும் அதைத் தொடவில்லை. வருகைப் பதிவுக்குக் கிடைத்த மதிப்புகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டு உழைப்பை யாரும் நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோதும் பாதி மதிப்பெண் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலிருந்தே வந்தது.

கொள்கை வருவதும் போவதும் இந்தக் காலத்தில் வேகமாகிவிட்டது. 2017 மே மாதம் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள்; முதல் மூவரின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் அரசியலுக்கு அது நல்ல கடிவாளம். பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருஷம் உருவேற்றும் தனியார் பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர, 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அதுவும் கைவிடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, சிலவற்றை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. கொண்டுவரும்போது இதன் பலனை எந்த அளவையால், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பார்ப்போம் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. தொடக்க நிலை அளவு இல்லாததால் முடிவிலும் அளக்க முடியாமல் போகிறது. ஒன்பதாம் வகுப்பு முப்பருவத்தைப் பற்றி இன்றும் ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பேசுவதற்கு அதுதான் காரணம். இரு பக்கமும் அனுபவம் இருக்கிறது, எண் இல்லை.

படிகளை யோசித்து அமைத்த இடமும் உண்டு. சிங்கப்பூர் 2021இல் ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வின் முறையை மாற்றியது. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எங்கே நிற்கிறது என்று கணக்கிட்ட பழைய முறை போய், பாடத்துக்கு எட்டுப் படிகள் வந்தன. அங்கே தமிழ் எழுதும் பிள்ளைகளுக்கும் அதேதான். படிகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை: உச்சிப் படிக்குக் கீழே ஐந்து ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி, 45 முதல் 64 வரை ஒரே படி, 20 முதல் 44 வரை இன்னொரு படி. எங்கே நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும், எங்கே பிரிக்கக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தோடு நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. நம் படிகளைப் பத்துப் பத்தாக வெட்டியதில் அப்படி ஒரு தீர்மானமே தென்படவில்லை.

நாளைக்கே வேறொரு தரநிலைக் கொள்கை கீழ்பென்னாத்தூருக்கு வரலாம். வந்தால் அதை அளந்து பார்க்கத் தலைநகரின் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வேலை, ஆசிரியர் தரும் மதிப்பெண்ணையும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டாமல் தனித்தனியாக எழுதுவது. 36உம் 15உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தலைமையாசிரியருக்கும் பாட்டிக்கும் ஒரே கேள்விதான் எழும். அடுத்து, ஒன்பதாம் வகுப்பில் இன்ன படியில் இருந்தவர்கள் பத்தாம் வகுப்பில் எங்கே வந்தார்கள் என்று மூன்று ஆண்டுப் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனி எண் இருப்பதால் பள்ளி மாறிய பிள்ளையையும் தேடி எடுக்கலாம். இடையில் நின்றுபோனவர்களையும் அதில் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையாகும். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியின் முப்பது விடைத்தாள்களைப் பெயரை மறைத்துப் பக்கத்து ஊரான வேட்டவலத்துக்கும், வேட்டவலத்தின் முப்பதைச் சோமாசிபாடிக்கும் அனுப்பி, வேறோர் ஆசிரியரைத் திருத்தச் சொல்வது. இரண்டு எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் அந்த வட்டாரத்தில் 'பி2' என்ற எழுத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்துவிடும். ஆசிரியரைப் பிடிப்பதற்காக இல்லை, ஆசிரியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு விடையைப் பற்றிப் பேசுவதற்காக. முப்பது முப்பதாகத் தாள், மூன்று பள்ளி. ஜூலையில் ஒரு சனிக்கிழமை போதும்.